சபைக் கல்லூரியில் வவுச்சரில் ஒரு தொகை, கையில் ஒரு தொகை: விசுவாசி கையெழுத்துப் போடலாமா?

மார்ச் 7, 2025

ஒரு தம்பி கேட்ட கேள்வியை அப்படியே போடுகிறேன்:

"அக்கா, நான் தென்மாவட்டத்தில் ஒரு சபைக் கல்லூரியில் சுயநிதிப் பிரிவில் வேலை பார்க்கிறேன். மாதக் கடைசியில் சம்பளம் வாங்கியதற்குக் கையெழுத்துப் போடுகிற வவுச்சரில் எழுதியிருக்கும் தொகை ஒன்று, கையில் கொடுப்பது அதைவிடக் குறைவு. கேட்டால், 'இது கர்த்தருடைய கல்லூரி, வெளியே பேசி சபை மானத்தை வாங்காதே' என்கிறார்கள். கேஷ் கவுண்டரில் இருக்கிற அதே அண்ணன் ஞாயிற்றுக்கிழமை வேதபாடம் வாசிக்கிறார். வீட்டுக்கடன் இருக்கிறது, வேலையை விட முடியாது. விசுவாசி என்று சொல்லிக்கொண்டு மாதா மாதம் பொய்க்குக் கையெழுத்துப் போடுகிறேனே, இதற்கு என்ன வழி?"

மார்ச் 7, இரவு

'பொறுத்துக்கொள், கர்த்தர் பார்த்துக்கொள்வார்' என்று உனக்கு ஏற்கெனவே நிறையப் பேர் சொல்லியிருப்பார்கள். நான் சொல்ல மாட்டேன்.

வணிகவியல் சொல்லிக்கொடுத்துப் பிழைக்கிறவள் நான், அதனால் வவுச்சரிலேயே தொடங்குகிறேன். ஐயாயிரத்துக்கு மேல் பணம் வாங்கினால் ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டி, அதன்மேல் குறுக்காகக் கையெழுத்துப் போட வேண்டும். பாதி ஸ்டாம்பிலும் பாதி காகிதத்திலும் விழுகிற அந்தக் கையெழுத்தைத்தான் ஆடிட்டர் பார்க்கிறார், பல்கலைக்கழக இணைவுக் குழு பார்க்கிறது. இந்தச் சம்பளத்தில் இத்தனை தகுதியான ஆசிரியர்கள் இருக்கிறார்கள் என்று கல்லூரி காட்டுவதெல்லாம் அதை நம்பித்தான். வித்தியாசத் தொகை கட்டட நிதிக்குப் போகலாம், யாருடைய பைக்கோ போகலாம், உனக்குத் தெரியாது. எங்கே போனாலும் அதற்குச் சாட்சி நீ. உன்னை ஏமாற்றியதோடு விடாமல் உன்னையே சாட்சியாகவும் ஆக்கிவிட்டார்கள் என்பதுதான் எனக்கு வயிற்றெரிச்சல்.

இன்னொன்று. கேஷ் கவுண்டர் அண்ணனை விட்டுவிடு. அவர் வேதபாடம் வாசிப்பது பாசாங்கு என்று நினைக்காதே. அவருக்கும் மேலே ஒருவர் இருக்கிறார், அவருக்கும் வீட்டுக்கடன் இருக்கலாம்.

நாளை ஒரு தஞ்சாவூர்க்காரரைப் பற்றி எழுதுகிறேன். உன் கேள்விக்கு என்னிடம் இருக்கிற நல்ல பதில் அவர்தான்.

மார்ச் 8

ஜே.சி. குமரப்பா, காந்தியோடு உழைத்த பொருளாதார அறிஞர். பிறந்தது 1892 ஜனவரி 4, தஞ்சாவூர். அப்பா பொதுப்பணித் துறையில் அதிகாரி. ஜோசப் செல்லதுரை கொர்னேலியஸ் என்றுதான் அவருக்குப் பெயர், தாத்தாவின் பெயரைப் பின்னால் எடுத்துக்கொண்டார். லண்டனில் கணக்காளராகப் பயிற்சி, பம்பாயில் சொந்தத் தணிக்கை நிறுவனம், ஐரோப்பிய உடை, ஐரோப்பிய வாழ்க்கை. பிரிட்டிஷ் ஆட்சியைப் பற்றிப் பெரிய மனக்குறை எதுவும் இல்லாத குடும்பம்.

1927இல் அமெரிக்கா போகிறார். சிரக்யூஸில் வணிக நிர்வாகம், அப்புறம் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொதுநிதி. ஒரு தேவாலயத்தில் 'இந்தியா ஏன் ஏழையாக இருக்கிறது' என்று பேசப்போக, அது செய்தித்தாளில் வந்துவிட்டது. பேராசிரியர் செலிக்மன் அதைப் படித்துவிட்டு, இதையே ஆய்வேடாக எழுது என்கிறார். உட்கார்ந்து வரிக்கணக்கையும் செலவுக் கணக்கையும் கடன் கணக்கையும் பிரித்துப் பார்த்தால், அவர் அதுவரை நம்பியிருந்த ஆட்சி அவர் நம்பியதுபோல் இல்லை. எண்களை மறைக்கவில்லை, எண்கள் சொன்னபடி தன் நம்பிக்கையை மாற்றிக்கொண்டார். ஆய்வு என்று நாம் பேசுகிறோமே, அதன் நேர்மை எனக்கு இங்கேதான் தெரிகிறது. நமக்குப் பிடித்த முடிவை முதலில் எழுதிவிட்டுப் புள்ளிவிவரத்தைத் தேடிப் போகிற பழக்கம் என் துறையில் எவ்வளவு என்பது எனக்குத் தெரியும்.

அந்த ஆய்வேட்டை எடுத்துக்கொண்டு 1929 மே 9 அன்று சபர்மதிக்குப் போனார். காந்தி அதைத் தன் பத்திரிகையில் தொடராகப் போட்டார், இவரைக் குஜராத் கிராமங்களுக்கு அனுப்பினார். காந்தி தொடங்கிய குஜராத் வித்யாபீடக் கல்லூரி மாணவர்களோடு கேடா மாவட்டத்து மாத்தர் தாலுகாவில் வீடு வீடாகப் போய் வரவு செலவு எழுதினார். பட்டுச் சூட்டில் வந்தவர் கதருக்கு மாறியது பெரிய கதை, அதை விட்டுவிடுகிறேன். எனக்கு வேண்டியது 1934.

1934 ஜனவரி 15, பீகார் நிலநடுக்கம். ராஜேந்திர பிரசாத் தலைமையில் நிவாரணக் குழு, நாடு முழுவதிலிருந்தும் பணம் வந்து கொட்டுகிறது. கணக்குப் பொறுப்பு குமரப்பாவிடம். தொண்டர் ஒருவரின் சாப்பாட்டுச் செலவுக்கு ஒரு நாளைக்கு மூன்று அணா என்று கட்டி வைத்திருந்தார். குழுக் கூட்டத்துக்குக் காந்தியும் அவரோடு இருந்தவர்களும் பாட்னா வந்தார்கள். காந்தி சாப்பிடுவது பாலும் பழமும். கூட வந்தவர்கள் செலவு, கார் செலவு எல்லாம் சேர்த்தால் மூன்று அணாவில் எப்படி அடங்கும்? குமரப்பா நேராகக் காந்தியின் செயலாளர் மகாதேவ தேசாயிடம் போய், இந்தச் செலவை நிவாரண நிதியிலிருந்து தர முடியாது, உங்கள் ஏற்பாட்டை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்.

காந்தி கூப்பிட்டு விசாரித்தார். துயரத்தில் இருப்பவர்களுக்காக மக்கள் கொடுத்த பணம் இது என்று இவர் விளக்கினார். காந்தி ஏற்றுக்கொண்டு, நிதியிலிருந்து எதுவும் வாங்க வேண்டாம் என்று மகாதேவிடம் சொன்னார்.

இதை வகுப்பில் சொன்னால் பிள்ளைகள் சிரிப்பார்கள், பிறகு ஒருத்தி கேட்பாள்: "மேடம், அவருக்குப் பயமே இல்லையா?" அந்தக் கேள்விதான் முக்கியம். ஆங்கிலேயனை எதிர்த்து ஜெயிலுக்குப் போகிற தைரியம் அப்போது நிறையப் பேரிடம் இருந்தது. தான் உயிராக மதிக்கிற தலைவரின் பால் செலவைத் தள்ளுபடி செய்கிற தைரியம் வேறு.

தம்பி, உன் பிரச்சினையும் அந்த வகைதான். எதிரி கல்லூரி என்றால் என்றைக்கோ சண்டை போட்டிருப்பாய். நம் ஆட்கள் என்பதால்தான் கை நடுங்குகிறது.

மார்ச் 9, ஞாயிறு

சின்னக் குறிப்பு. 'விசுவாசத்தோடு நடக்கிற இடத்தில் கணக்குக் கேட்பது அவிசுவாசம் இல்லையா' என்று ஒருவர் கேட்டிருக்கிறார்.

பவுல் எழுதிய 2 கொரிந்தியர் நிருபம், 8ஆம் அதிகாரத்தை எடுத்துப் படியுங்கள். எருசலேமில் இருக்கிற ஏழைகளுக்காகக் காணிக்கை சேர்த்த பவுல் அதைத் தனியாகத் தூக்கிக்கொண்டு போகவில்லை. சபைகள் தெரிந்தெடுத்த ஆளைக் கூட அழைத்துக்கொண்டு போகிறார். ஒருவரும் குற்றப்படுத்தாதபடிக்கு, கர்த்தருக்கு முன்பாக மாத்திரம் அல்ல, மனுஷருக்கு முன்பாகவும் யோக்கியமாக நடக்க வேண்டும் என்று காரணமும் எழுதுகிறார். அப்போஸ்தலனே பக்கத்தில் ஒரு ஆளை வைத்துக்கொண்டுதான் பணத்தைத் தொட்டார். நம் கல்லூரிகளை நிர்வாகம் பண்ணுகிற கரஸ்பாண்டன்டுகள் பவுலைவிடப் பெரியவர்களா?

என் அப்பா எங்கள் ஊர்ச் சபையில் பொருளராக இருந்தார். ஆராதனை முடிந்ததும் காணிக்கைப் பைகளை மேசையில் கவிழ்ப்பார்கள். ஈரமான பத்து ரூபாய் நோட்டுகள், பிள்ளைகள் போட்ட சில்லறை, எப்போதாவது வேண்டுதல் சீட்டோடு சுற்றிய ஐநூறு. எண்ணுவது இரண்டு பேர், அப்பா எண்ண மாட்டார், எழுத மட்டும் செய்வார். எண்ணியவர்கள் இருவரும் கையெழுத்துப் போட்ட பிறகுதான் அவர் கையெழுத்து. மழை நாளில் ஆள் வராமல் ஒருவர் மட்டும் இருந்தால், பையைக் கட்டி அப்படியே பூட்டி வைத்துவிட்டு இன்னொருவர் வரும்வரை உட்கார்ந்திருப்பார். 'என் மேலேயே எனக்கு நம்பிக்கை வைக்கத் தேவையில்லாமல் இருப்பது எவ்வளவு நிம்மதி தெரியுமா' என்பார்.

மார்ச் 12

குமரப்பா என்றாலே காந்தியவாதி, அவர் கிறிஸ்தவர் என்பது பெயரளவில்தான் என்று ஒரு அண்ணன் எழுதியிருக்கிறார். அண்ணே, அப்படியில்லை.

1930இல் உப்புச் சத்தியாகிரகம் நடந்துகொண்டிருந்தபோது, கல்கத்தாப் பேராயரும் இந்தியாவின் ஆங்கிலிக்கன் தலைமைப் பேராயருமான ஃபாஸ் வெஸ்ட்காட், சட்டமறுப்பு கிறிஸ்துவின் போதனைக்கு ஒவ்வாதது என்கிற நிலையை வெளிப்படையாக எடுத்தார். குமரப்பா பகிரங்கமாகவே அவருக்கு மறுப்பு எழுதினார். சபையைத் தூக்கியெறிந்துவிட்டு எழுதவில்லை. வேதத்தைக் கையில் வைத்துக்கொண்டு எழுதினார், மலைப்பிரசங்கத்தைப் பிரசங்கிக்கிறவர்களே அதை நடைமுறையில் செய்கிறவர்களை எப்படிக் கண்டிக்கலாம் என்ற இடத்திலிருந்து எழுதினார். அதே ஆண்டில் கிறிஸ்தவ ஊழியர்களுக்கும் மிஷனரிகளுக்கும் ஒரு வேண்டுகோளும் விடுத்தார்.

1942க்குப் பிறகு ஜபல்பூர் சிறையில் இருந்தபோது அவர் எழுதியவை இரண்டு. ஒன்று நிலைத்த பொருளாதாரம் பற்றி, இன்னொன்று இயேசுவின் நடைமுறையும் போதனையும் பற்றி. இரண்டையும் ஒரே கையால், ஒரே சிறையில் எழுதியவரிடம் போய், உங்கள் பொருளாதாரம் தனி, விசுவாசம் தனி என்று பிரித்துக் காட்டினால் அவருக்குக் கோபம்தான் வந்திருக்கும். கோபக்காரர் என்று பெயரும் உண்டு அவருக்கு.

நம் சபைகளில் ஒரு பழக்கம் ஊறிப்போயிருக்கிறது. ஐயர், அதாவது சபைப் போதகர், செய்வது ஊழியம், வாத்தியார் செய்வது உத்தியோகம். வாத்தியாருக்கு ஊழியம் செய்ய ஆசை வந்தால் ஓய்வுநேர ஜெபக்குழு நடத்த வேண்டும், ஞாயிறு பள்ளி எடுக்க வேண்டும். திங்கட்கிழமை காலை உள்மதிப்பீட்டு மார்க் போடுவது ஊழியத்தில் சேராது. அதனால்தான் ஜெபக்குழு தலைவரே மார்க்கைக் கூட்டிப் போடச் சொல்லும்போது நமக்கு அதிர்ச்சியே வருவதில்லை. குமரப்பாவுக்குக் கணக்குப் புத்தகமே ஊழியமாக இருந்தது.

மார்ச் 15

ஆராய்ச்சி பக்கம் வருகிறேன், மூன்று நான்கு பேர் கேட்டுவிட்டார்கள்.

பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2018 விதிப்படி, ஆய்வேட்டில் பிறர் எழுத்தோடு ஒப்புமை 10 சதவீதம் வரை இருந்தால் தண்டனை கிடையாது. 10க்கு மேல் 40 வரை என்றால் ஆறு மாதத்துக்குள் திருத்திக் கொடுக்க வேண்டும். 40க்கு மேல் 60 வரை ஒரு வருடம் திருத்திக் கொடுக்கவே முடியாது. 60க்கு மேல் பதிவே ரத்து. காகிதத்தில் நல்ல விதிதான். நடைமுறையில் பலருக்கு இது 'எப்படியாவது பத்துக்குக் கீழே கொண்டுவா' என்ற விளையாட்டாகிவிட்டது. வார்த்தையை மாற்றி மாற்றிப் போட்டுக் கொடுக்க ஜெராக்ஸ் கடை பக்கத்திலேயே ஆள் இருக்கிறார்கள். இன்னொருவன் யோசித்ததை வார்த்தை மாற்றி எழுதினால் மென்பொருள் பச்சை காட்டும். திருட்டு திருட்டாகவே இருக்கும்.

கட்டுரை வெளியிடுவதும் அப்படித்தான். காசு வாங்கிக்கொண்டு எதையும் போடுகிற போலி இதழ்களைத் தடுக்க யுஜிசி கேர் என்று ஏற்கத்தக்க இதழ்களின் பட்டியல் ஒன்று கொண்டுவந்தார்கள். பட்டியலில் இருக்கிற இதழின் பெயரையே திருடி போலி இணையதளம் தொடங்கினார்கள். கடைசியில் பட்டியலையே கைவிட்டாயிற்று, 2025 பிப்ரவரியில் அறிவிப்பு வந்தது. நல்ல இதழ் எது என்பதை இனி அந்தந்தப் பல்கலைக்கழகமும் அந்தந்த ஆசிரியரும்தான் முடிவு செய்ய வேண்டும். அதாவது மறுபடியும் ஆள்தான் நேர்மையாக இருக்க வேண்டும்.

என்னிடம் ஒரு ஆய்வு மாணவர் இருந்தார். நல்ல பையன், ஊரில் வாலிபர் ஐக்கியச் செயலர். இரண்டாம் அத்தியாயம் முழுக்க வேறொருவருடைய ஆய்வேட்டிலிருந்து எடுத்திருந்தார். நான் கண்டுபிடித்தது மென்பொருளால் அல்ல. கள ஆய்வு நம் பக்கத்துப் பனைத்தொழில் கூட்டுறவுச் சங்கங்களைப் பற்றி, ஆனால் அத்தியாயத்தின் நடுவில் திடீரென்று பருத்தி விலை வருகிறது. பருத்தி எங்கே வந்தது என்று கேட்டேன். பதில் இல்லை. மறுபடி எழுது என்றேன்.

அடுத்த வாரம் அவரைக் கூட்டிக்கொண்டு அவருடைய அப்பா அம்மா, கூடவே அவர்கள் சபை வட்டாரத்து (சேகரத்து) ஐயர், வீட்டுக்கே வந்துவிட்டார்கள். ஐயர் ஜெபம் பண்ணித்தான் பேச்சைத் தொடங்கினார். ஜெபத்திலேயே 'இந்த மகளின் இருதயத்தை இளகப்பண்ணும்' என்றார். அந்த ஜெபத்துக்கு எப்படி ஆமென் சொல்வது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். காப்பி கொடுத்தேன். "ஐயரவர்களே, நீங்கள் ஞாயிற்றுக்கிழமை வேறொருவர் பிரசங்கத்தை உங்களுடையது என்று வாசிப்பீர்களா?" என்று கேட்டேன். அவர் நேர்மையான மனுஷன், கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, பையனைப் பார்த்து, "சரி தம்பி, எழுது, நான் பனையேறிகளிடம் கூட்டிப்போகிறேன்" என்றார். கூட்டிப்போகவும் செய்தார். அந்த அத்தியாயம்தான் பின்னால் அந்த ஆய்வேட்டிலேயே சிறந்த அத்தியாயம் ஆனது. பனையேறி ஒருவர் கருப்பட்டி விலையைப் பற்றிச் சொன்ன கணக்கு எந்தப் புத்தகத்திலும் இல்லாதது.

எல்லாச் சிபாரிசும் இப்படி முடியாது. இது ஒன்று முடிந்தது.

மார்ச் 16

'வெள்ளைக்கார மிஷனரிகள் இருந்த காலத்தில் எல்லாம் சுத்தமாக இருந்தது, நம் கையில் வந்த பிறகுதான் கெட்டுப்போனது' என்று ஒருவர். இந்தப் பேச்சைச் சபைக் கூட்டங்களில் எத்தனை முறை கேட்டிருப்பேன்!

டெல்லி செயின்ட் ஸ்டீபன்ஸ் கல்லூரி, கேம்பிரிட்ஜ் மிஷன் 1881இல் தொடங்கியது. 1906இல் முதல்வர் பதவி காலியானது. அங்கே நீண்டகாலம் பணியாற்றிய வங்காளி எஸ்.கே. ருத்ரா இருக்கிறார். இந்தியர் ஒருவர் முதல்வரானால் ஒழுங்கு நிற்குமா என்று சபைத் தலைமையிலேயே தயக்கம். வெள்ளைக்காரர் சி.எஃப். ஆண்ட்ரூஸ் அங்கே வந்து இரண்டு வருடம்தான் ஆகிறது. அந்த நாற்காலி எளிதாக அவருக்கு வந்திருக்கும். ருத்ராவைவிட்டு வேறொருவரைப் போடுவது அநியாயம் என்று அவர் உறுதியாக நின்றார். ருத்ரா முதல்வரானார், 1923 வரை இருந்தார். துருக்கிக் கலீபாவுக்காக நடந்த கிலாபத் இயக்க விஷயமாக வைஸ்ராய்க்குக் காந்தி எழுதிய கடிதம் ருத்ராவின் வீட்டில் உருவானதுதான்.

அதனால், வெள்ளைக்காரர் காலத்திலும் அநியாயம் நாற்காலி வரை வந்து நின்றிருக்கிறது. ஒருவர் தன் இனத்துக்காரர்களுக்கு எதிராக வாய் திறந்ததால் அந்த ஒரு முறை நின்றது.

மார்ச் 22

கத்தோலிக்க நண்பர் ஒருவர் எங்கள் ஆளை விட்டுவிட்டீர்களே என்கிறார். எப்படி விடுவேன், மாயூரம் வேதநாயகம் பிள்ளை!

1826இல் திருச்சி பக்கம் குளத்தூரில் பிறந்தவர். தரங்கம்பாடி, சீர்காழி, மாயூரம் என்று முன்சீப்பாக இருந்தார். தமிழின் முதல் நாவலாசிரியர் என்று பள்ளியில் படித்துவிட்டு நிறுத்திக்கொள்கிறோம். நீதிபதியாக அவர் செய்த காரியம் எனக்கு அதைவிடப் பெரிது. அன்றைய மேல்நீதிமன்றமான சதர் கோர்ட்டின் தீர்ப்புகள் ஆங்கிலத்திலேயே கிடந்ததால் வழக்காடும் ஜனங்களுக்கு எதுவும் புரியாமல் இருந்தது. 1805 முதல் 1861 வரையிலான தீர்ப்புகளைத் தமிழில் சுருக்கி எழுதி 1862இல் புத்தகமாகப் போட்டார். யாரும் கேட்காத வேலை. ஜனங்களுக்குச் சட்டம் தெரிந்தால் இடைத்தரகனுக்குப் பிழைப்பு குறையும், அது தெரிந்தே செய்தார். லஞ்சத்தைக் கண்டித்துப் பாட்டே எழுதினார், அதுவும் கோர்ட் உத்தியோகஸ்தர்கள் நடுவில் உட்கார்ந்துகொண்டு.

தாது வருஷப் பஞ்சம் (1876-78) வந்தபோது சொந்தப் பணத்தைப் போட்டுக் கஞ்சித்தொட்டி வைத்தார். அதைப் பார்த்து உருகி, 'நீயே புருஷ மேரு' என்று பாடியவர் கோபாலகிருஷ்ண பாரதியார், நந்தன் சரித்திரம் பாடிய சிவபக்தர். ஒரு கிறிஸ்தவ முன்சீப்பின் சாட்சியை ஒரு சைவர் பாடி வைத்திருக்கிறார். சபை மானம் என்று ஒன்று உண்டானால் அது இப்படித்தான் வருகிறது. வவுச்சரை மறைத்து வராது.

மார்ச் 23

இரவெல்லாம் யோசித்தேன். இதுவரை எழுதியதில் ஒரு பாரம் தம்பியின் தலையில் ஏறிவிட்டதோ என்று தோன்றுகிறது. குமரப்பா கல்யாணம் செய்துகொள்ளாதவர். வேதநாயகம் பிள்ளை முன்சீப். ஹிட்லருக்கு நிபந்தனையில்லாத விசுவாசப் பிரமாணம் எடுக்க மறுத்து 1934இல் பான் பல்கலைக்கழகத்தில் வேலை இழந்த சுவிஸ் இறையியலாளர் கார்ல் பார்த்துக்குச் சொந்த ஊரான பாசல் இடம் கொடுத்தது. உனக்கு ஈஎம்ஐ இருக்கிறது, அடுத்த கல்லூரியும் இதே மாதிரிதான் இருக்கும். தனியாக நின்று வேலையை இழப்பதுதான் ஒரே நேர்மை என்று நான் சொல்ல வரவில்லை.

வேதத்தில் வருகிற தானியேலைப் பார். பாபிலோன் அரசாங்கத்தில்தான் வேலை பார்த்தான், விட்டுவிட்டு ஓடவில்லை. அவன்மேல் குற்றம் கண்டுபிடிக்க நினைத்தவர்களுக்கு ராஜ்ய விவகாரத்தில் ஒன்றுமே அகப்படவில்லை என்று ஆறாம் அதிகாரம் சொல்லுகிறது. அவன் ஃபைல்கள் அவ்வளவு சுத்தம். அவனைச் சிங்கங்களின் குகையில் (சிங்கக்கெபி) போட்டது பிறகுதான் வருகிறது.

அதனால் செய்யக்கூடியதைச் சொல்கிறேன். மாதா மாதம் கையில் வாங்கிய தொகையைத் தேதி போட்டு ஒரு நோட்டில் எழுது. வவுச்சரைப் போனில் படம் எடுக்க விட்டால் எடுத்துக்கொள். உன்னோடு சுயநிதிப் பிரிவில் இருப்பவர்களிடம் பேசு, இரண்டு பேராவது சேருவார்கள். சேர்ந்து ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: சம்பளத்தை வங்கிக் கணக்கில் போட முடியுமா? குற்றச்சாட்டு வேண்டாம், வங்கி என்று மட்டும் கேளுங்கள். எழுத்தில் கேளுங்கள்.

கல்லூரிகளுக்குத் தரம் கொடுக்கிற நாக் (NAAC) அமைப்பின் விஷயத்தையும் மறக்க வேண்டாம். 2025 பிப்ரவரியில் அதன் ஆய்வுக் குழுவினரையே சிபிஐ லஞ்ச வழக்கில் கைது செய்தது. எல்லா நிர்வாகமும் இப்போது கொஞ்சம் பயத்தில் இருக்கிறது. கேட்பதற்கு இது நல்ல சமயம்.

ஏப்ரல் 5

வேதத்தில் வருகிற தீர்க்கதரிசி சாமுவேலைப் பற்றி ஒன்று. வயதான பிறகு ஜனங்களைக் கூட்டி வைத்து, யாருடைய எருதை எடுத்தேன், யாருடைய கழுதையை எடுத்தேன், யாரிடம் பரிதானம் (லஞ்சம்) வாங்கினேன், சொல்லுங்கள் என்று கேட்கிறானே, அந்தப் பகுதி ஓய்வுபெறும் கூட்டங்களில் அடிக்கடி வாசிக்கப்படும். மாலை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பவருக்குப் பொருந்துகிறதோ இல்லையோ, வாசித்துவிடுவார்கள்.

அதற்கு நாலு அதிகாரம் முன்னால் போய்ப் பாருங்கள். சாமுவேலின் குமாரர் இருவரும் நியாயாதிபதிகள். பொருளாசைக்குச் சாய்ந்தார்கள், பரிதானம் வாங்கினார்கள், நியாயத்தைப் புரட்டினார்கள். அவர்களை அந்தப் பதவியில் வைத்தவன் சாமுவேல்தான். தன் கை சுத்தமாக இருந்த மனுஷனுக்கும் தன் பிள்ளைகள் விஷயத்தில் கண் மறைத்தது. வேதம் இதை ஒளிக்காமல் எழுதி வைத்திருக்கிறது, அதுதான் எனக்கு ஆறுதல். சிறுபான்மை உரிமை என்று அரசியல் சட்டத்தின் 30ஆம் பிரிவு நமக்குக் கொடுத்திருப்பது பள்ளி கல்லூரிகளை நிறுவி நடத்துகிற உரிமை. சொந்தக்காரருக்கும் திருமண்டலத் (பேராயரின் கீழ் வருகிற சபைகளின் நிர்வாகத்) தேர்தலில் ஓட்டுப் போட்டவருக்கும் வேலை கொடுப்பதை அதன் கீழ் ஒளித்து வைக்கிறவர்கள், அந்த உரிமையையே இழக்கும் நாளைக் கொண்டுவருகிறார்கள். இதை நான் கோபத்தில்தான் எழுதுகிறேன்.

ஏப்ரல் 26

ஈஸ்டர் முடிந்து தம்பியிடமிருந்து கடிதம் வந்தது. அவர் அனுமதியோடு சுருக்கமாகச் சொல்கிறேன்.

சேர்ந்து எழுதிக் கொடுத்தார்கள். செக்ரட்டரி கூப்பிட்டுச் சத்தம் போட்டிருக்கிறார், அப்புறம் இறங்கி வந்திருக்கிறார். ஜூன் முதல் சம்பளம் வங்கி வழியாக வரும். ஆனால் வவுச்சரில் இதுவரை காட்டிய தொகை வராது, கையில் இதுவரை கொடுத்த குறைந்த தொகைதான் வரும், அதுவே இனி அதிகாரபூர்வச் சம்பளம். தம்பி கேட்கிறார்: "அக்கா, இது ஜெயமா தோல்வியா?"

இனி நீ பொய்க்குக் கையெழுத்துப் போட வேண்டியதில்லை. அது சின்ன விஷயம் இல்லை, அதற்காக ஸ்தோத்திரம். ஆனால் கூலி அநியாயம் அப்படியே இருக்கிறது, இப்போது அது வெளிச்சத்தில் இருக்கிறது, அவ்வளவுதான். கௌரவ விரிவுரையாளருக்கு ஒரு வகுப்புக்கு 1,500 ரூபாய், மாதம் 50,000க்கு மிகாமல் என்று யுஜிசி 2019இல் சொன்னது. நம் பக்கத்து சுயநிதிப் பிரிவுகளில் அதில் பாதிகூடப் பார்க்காதவர்கள் ஏராளம். 'வேலைக்காரருடைய கூலி உங்களால் அநியாயமாய்ப் பிடிக்கப்பட்டுக் கூக்குரலிடுகிறது' என்று யாக்கோபு எழுதியது வயலில் அறுத்தவர்களைப் பற்றி. முனைவர் பட்டம் வாங்கிய கூலிக்காரர்களுக்கும் அது பொருந்தும்.

மறுபடி குமரப்பாவிடம் போகிறேன். கணக்கைச் சரியாக எழுதுவதோடு அவர் நிற்கவில்லை. 1934 டிசம்பரில் அகில இந்தியக் கிராமத் தொழில் சங்கம் தொடங்கியபோது அவர்தான் செயலாளர், வார்தாவில் மகன்வாடியில் உட்கார்ந்து செக்கையும் கைக்குத்தல் அரிசியையும் பற்றி எழுதிக்கொண்டிருந்தார். அடுத்த வருடமே காந்தி நூல் நூற்கிற பெண்களுக்குப் பிழைக்கத் தக்க கூலி கொடுத்தே ஆக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். கதர் விலை ஏறும், விற்காது என்று சொந்த ஆட்களே எதிர்த்தார்கள். விலை ஏறட்டும் என்றார். சுதந்திரத்துக்குப் பிறகு காங்கிரஸ் நிலச்சீர்திருத்தக் குழுவுக்குத் தலைவராக இருந்து 1949இல் அறிக்கை கொடுத்தபோதும் குமரப்பா கேட்டது உழுகிறவனுக்கு என்ன கிடைக்கிறது என்பதைத்தான். கடைசிக் காலத்தில் மதுரைப் பக்கம் டி. கல்லுப்பட்டி ஆசிரமத்தில் இருந்தார். 1960 ஜனவரி 30இல் காலமானார்.

ஆக, தம்பி, அடுத்த கேள்வியைத் தயார் செய். கல்விக் கட்டணத்தில் சுயநிதிப் பிரிவுக்கு எவ்வளவு வருகிறது, அதில் சம்பளத்துக்கு எவ்வளவு போகிறது? இதைக் கேட்க வேண்டியது நீ மட்டும் இல்லை. கல்லூரி ஆட்சிக்குழுவில் சபை தேர்ந்தெடுத்து அனுப்புகிற ஆட்கள் இருக்கிறார்கள், அவர்களில் ஒருவரை எனக்குத் தெரியும், ஓய்வுபெற்ற வங்கி மேலாளர், கணக்குப் படிக்கத் தெரிந்தவர். அவரிடம் பேசினேன். ஆட்சிக்குழுக் கூட்டம் மே மாதக் கடைசியில் இருக்கிறதாம், வரவு செலவு அறிக்கையை முன்கூட்டியே கேட்டு எழுதுவதாகச் சொல்லியிருக்கிறார். நீங்கள் எழுதிக் கொடுத்த கடிதத்தின் நகலை அவருக்கு அனுப்பு. நோட்டில் எழுதி வைத்திருக்கிற மாதாந்திரத் தொகைகளையும் சேர்த்து அனுப்பு.